கடலூரில் ஒன்றரை நாள்: துறைமுகம், கேப்பர் மலை, கருவாட்டுக் குழம்பு

சேலத்திலிருந்து சித்தியும் சித்தப்பாவும் ஆனி மாதத்தில் புதுச்சேரிக்கு வந்திருந்தார்கள். வந்த அன்று மாலையே சித்தி தம் விருப்பத்தைச் சொல்லிவிட்டார்: "கடலும் பாக்கணும்ப்பா, ஒரு மலைக்கோயிலுக்கும் போகணும். ஆனா முட்டி வலி, ரொம்பப் படி ஏற முடியாது. கூட்டமும் இருக்கக் கூடாது." வார இறுதி நாட்களில் எங்கள் ஊர்க் கடற்கரைச் சாலையில் எவ்வளவு கூட்டம் சேரும் என்பதைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் நான். ஆகவே அவர்கள் இருவரையும், அப்போதுதான் பத்தாம் வகுப்பில் சேர்ந்திருந்த என் மகளையும் அழைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் கடலூருக்குப் பேருந்து ஏறினேன். "கடலூர்ல மலை ஏது?" என்று சித்தப்பா கேட்டார். புதுச்சேரியில் இருப்பவர்களிலேயே பலர் இதைக் கேட்பார்கள். சிதம்பரத்துக்கோ நாகூருக்கோ போகும் வழியில் பேருந்து பத்து நிமிடம் நிற்கும் ஊர் என்பதற்கு மேல் கடலூரை அறிந்தவர்கள் குறைவு.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் ஓர் இரவாவது தங்கிப் பார்க்க வேண்டிய ஊர். தங்கினால்தான் விடியற்காலைத் துறைமுகத்தைப் பார்க்க முடியும். துறைமுகத்தைப் பார்க்காமல் திரும்புகிறவர் கடலூரைப் பார்த்ததாகவே ஆகாது. காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணமாகத் திட்டமிட்டால், வெயிலும் நண்பகலில் நடை சாத்தும் கோயில்களும் சேர்ந்து பாதி நாளை விழுங்கிவிடும்.

பயணம் எளிது. புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாக இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். முள்ளோடையில் புதுச்சேரி எல்லை முடிந்து, தென்பெண்ணைப் பாலம் கடந்தால் மஞ்சக்குப்பம் வந்துவிடும். பேருந்து நிலையம் இருப்பது திருப்பாதிரிப்புலியூரில். ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊரில் இரண்டு நிலையங்கள் உள்ளன. திருப்பாதிரிப்புலியூர் நிலையம் கோயிலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகில். கடலூர் துறைமுகம் சந்திப்பு பழைய நகரத்தில். தங்குமிடம் எங்கே என்று பார்த்துக்கொண்டு பயணச்சீட்டு எடுப்பது நல்லது.

தங்குமிடத்தில்தான் முதல் குறை. இணையத்தில் "கடற்காற்று வீசும் அறை" என்று எழுதியிருந்த ஒரு விடுதியில் இரண்டு அறைகள் எடுத்திருந்தேன், பெயர் வேண்டாம். அறையின் ஒரே சன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதியவர் ஒருவர் வருகிறார், கீழ்த்தளத்தில் அறை வேண்டும் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, சரி என்ற பதிலும் பெற்றிருந்த நிலையில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அறை கொடுத்தார்கள். அரை மணி நேரம் பேசிய பிறகே கீழே மாற்றினார்கள். முட்டி வலி உள்ளவரை அழைத்து வருகிறவர்கள் எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாலை தேவனாம்பட்டினத்தில் உள்ள வெள்ளிக் கடற்கரைக்குப் போனோம். மணல் அகலமாக, நீளமாகக் கிடக்கிறது. எங்கள் ஊர்க் கடற்கரையின் பெரும்பகுதி கருங்கல் கொட்டிய கரையாக இருப்பதால், மணலில் காலை நீட்டி உட்காருவதே என் மகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. பட்டாணி சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் சுடச்சுடக் கிடைத்தன. கடல் அங்கே அமைதியானது அல்ல, அலை இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2004 டிசம்பர் 26 காலையில் இதே தேவனாம்பட்டினத்துக்குள்ளும், தெற்கே சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு ஆகிய மீனவக் குப்பங்களுக்குள்ளும் ஆழிப்பேரலை புகுந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் இங்குள்ள குடும்பங்கள் கரையில் கூடிக் கடலில் பாலூற்றி அஞ்சலி செலுத்துகின்றன. அதை அறிந்தே அந்த மணலில் உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். என் மகளுக்கும் சொன்னேன்.

கடற்கரைக்கு அருகில் கெடில ஆற்றின் கரையில்தான் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690ல் செஞ்சியை ஆண்ட மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி இதை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சுட்டால் அது விழும் தொலைவு வரையிலான நிலமும் கம்பெனிக்குச் சேரும் என்பது ஒப்பந்தம். அப்படிச் சுட்டு எல்லை வகுத்ததன் நினைவு குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1746ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடமே இங்கு மாறியது; 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியது. ஆகவே கோட்டை என்ற சொல்லைக் கேட்டுச் செஞ்சியைப் போல ஒன்றை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். எஞ்சியிருப்பவை சில சுவர்கள், அவ்வளவே. வரலாற்றில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் மட்டும் அதற்கு நேரம் ஒதுக்கலாம்.

மறுநாள் காலை நாலரை மணிக்கு எழுந்து பழைய நகரத் துறைமுகத்துக்கு ஆட்டோ பிடித்தோம். இந்தப் பயணத்தில் நான் முழு மனத்தோடு பரிந்துரைப்பது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான். நாங்கள் போன நேரமும் வாய்த்தது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கியிருந்த வாரம். உப்பனாற்றில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாக நின்றன. படகிலிருந்து பெட்டி இறங்கியதும் தரையில் மீனைக் கொட்டுகிறார்கள். கொட்டிய மறுகணமே ஏலம். ஏலம் கூறுபவரின் குரல் ஏறுவதும், சுற்றி நிற்கும் பெண்களில் ஒருவர் தலையை மட்டும் அசைப்பதும், குவியல் கைமாறுவதும் நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யார் வாங்கினார் என்று கண்டுபிடிக்க முடியாமல் சித்தப்பா மூன்று ஏலங்களை நின்று கவனித்தார்.

மொத்த ஏலத்தைத் தாண்டினால் கூறு கட்டி விற்கும் பெண்களின் வரிசை. சங்கரா, வஞ்சிரம், நண்டு, இறால் எல்லாம் இருந்தாலும், எங்கள் கண் நின்றது காரப்பொடியில். உள்ளங்கை அகலம்கூட இல்லாத, வெள்ளித் தகடு போன்ற மீன். அதை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா அரிவாள்மனையைப் பயன்படுத்தவே இல்லை. கட்டைவிரல் நகத்தைச் செவுளில் நுழைத்து ஒரு திருகு, குடல் மொத்தமாக வெளியே வந்தது, அடுத்த மீனைக் கை எடுத்துவிட்டது. பேசிக்கொண்டே, எங்களைப் பார்த்துக்கொண்டே செய்தார். "எந்த ஊரு கண்ணு?" என்று என் மகளைக் கேட்டார். தூரத்து ஊருக்கு எடுத்துச் செல்ல மீன் வேண்டாம், கருவாடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லி அனுப்பினார். தம் சரக்கை விற்பதைவிட வாங்குகிறவர் வீணாக்கக் கூடாது என்று நினைக்கும் இந்த மனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். செல்கிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள்: தரை முழுவதும் ஐஸ் நீரும் செதிலும் கலந்து வழுக்கும், ஆகவே பிடிப்புள்ள செருப்பு வேண்டும், வேலை செய்கிறவர்களின் முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டாதீர்கள்.

இந்தத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கடலில் 1783 ஜூன் 20 அன்று, சுஃப்ரேனின் பதினைந்து பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் பதினெட்டு ஆங்கிலக் கப்பல்களும் மோதின. கரையில், அப்போது பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தனர். ஐரோப்பாவில் அந்த ஆண்டு சனவரியிலேயே அமைதி உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. செய்தி மட்டும் வந்து சேரவில்லை. அதே ஜூன் மாதத்தில், அதே கரையில் நின்றுகொண்டு, முடிந்துபோன போருக்காக மாண்டவர்களை நினைக்கும்போது மனம் கனத்தது.

விடுதிக்குத் திரும்பிக் குளித்துவிட்டு, ஏழரை மணிக்குப் பாடலீசுவரர் கோயில். இங்கே வரிசை முறையைப் பற்றி ஒரு சொல்: மீன் சாப்பாட்டுக்குப் பிறகு கோயிலுக்குப் போக விரும்பாத குடும்பங்கள் பல, எங்கள் சித்தியும் அப்படித்தான். ஆகவே இரு கோயில்களையும் முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து கரையேறியது இந்தத் தலத்தருகே என்பது மரபு. கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரே அதைச் சொல்கிறது. மற்றத் தலங்களில் சுவாமி பள்ளியறைக்கு அம்மன் சன்னதிக்குச் செல்வார். இங்கே பெரியநாயகி அம்மன்தான் சுவாமியின் பள்ளியறைக்கு எழுந்தருளுகிறார். தல மரமான பாதிரியால்தான் ஊருக்குத் திருப்பாதிரிப்புலியூர் என்று பெயர். காலை நேரத்தில் பிரகாரம் குளிர்ந்திருந்தது, நெரிசல் இல்லை.

அங்கிருந்து ஆட்டோவைப் பேசி வைத்துக்கொண்டு மேற்கே புறப்பட்டோம். சித்தப்பா கேட்ட மலை இங்கேதான் வருகிறது. கேப்பர் மலை என்று பெயர் இருந்தாலும், ஏற்காட்டைப் பார்த்து வளர்ந்த சேலத்துக்காரர்களுக்கு அது மேடு. நானும் அவ்வாறே அறிமுகப்படுத்தினேன். ஆனால் அதன் அருமை உயரத்தில் இல்லை. சாலையோரம் மண் வெட்டப்பட்ட ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். செங்காவி நிறத்தில் ஒரு சுவர். அதற்குள் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. விரலால் தேய்த்தால் பாறை மணலாக உதிர்கிறது; உதிர்ந்த தூள் கையில் மஞ்சள்போல ஒட்டுகிறது. நிலவியலாளர்கள் இந்தப் பாறையினத்துக்கே கடலூர் மணற்பாறை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள் இதே பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க வெட்டியிறங்குவதும் இதனூடாகத்தான். மழையை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும் இயல்பு இந்த மணற்பாறைக்கு உண்டு. உப்புக்காற்று அடிக்கும் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நல்ல தண்ணீரும், பலாவும், முந்திரியும் இருப்பதற்கு இந்தச் செம்மண் மேடுதான் காரணம்.

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இந்தப் பகுதியின் பலா, முந்திரி மரங்களை வேரோடு சாய்த்தது. அப்போது நட்ட கன்றுகள் இன்று காய்க்கின்றன. எங்கள் ஆட்டோ ஓட்டுநர் ஒரு தோப்பைக் காட்டி, "இதெல்லாம் புயலுக்கு அப்புறம் வெச்சது சார். பெரிய மரம் ஒண்ணு ரெண்டுதான் நின்னுது" என்றார். சாலையோரத்தில் பலாப்பழத்தை அரிந்து சுளையாக விற்றுக்கொண்டிருந்தவரிடம் முழுப் பழம் ஒன்றை வாங்கினோம். பண்ருட்டிப் பலா என்று மற்ற ஊர்களில் விற்பதைவிடச் சுளை சிறியது, இனிப்பு அழுத்தமானது, பால் குறைவு. தட்டிப் பார்த்து, காம்பின் கீழ் மூக்கை வைத்து முகர்ந்து, "இது இன்னிக்கு, அது நாளன்னிக்கு" என்று அவர் பிரித்துத் தந்த பழம் சொன்ன நாளில் சரியாகப் பழுத்தது.

இந்த மேட்டிலேயே மத்தியச் சிறையும் இருக்கிறது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூர் எல்லையில் கைது செய்யப்பட்டு, டிசம்பர் நடுப்பகுதி வரை கடலூரில் சிறைவைக்கப்பட்டார். நாங்கள் பேருந்தில் ஒரு மணி நேரத்தில் கடந்த அதே வழி.

திருவந்திபுரம் அங்கிருந்து சிறிது தொலைவு. பழம்பெயர் திருவகீந்திரபுரம், நடுநாட்டின் இரண்டு திவ்யதேசங்களுள் ஒன்று, மற்றது திருக்கோவலூர். கீழே கெடிலக் கரையில் தேவநாத சுவாமி. எதிரே ஔஷதகிரி என்னும் சிறு குன்றின்மேல் ஹயக்ரீவர். படிகள் 74. சித்தி இரண்டு இடங்களில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் ஏறினார். மேலே போனதும் முகத்தில் இருந்த நிறைவைப் பார்க்க வேண்டும். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் இது. இந்தக் குன்றில்தான் ஹயக்ரீவர் அவருக்கு அருள்புரிந்தார் என்பது வழிவழியான நம்பிக்கை. கல்விக்குரிய தெய்வமாதலால் மாணவர்கள் பேனாவையும் நோட்டையும் வைத்து வணங்குகிறார்கள். என் மகளும் புதிய பேனாவோடு வந்திருந்தாள். மேலிருந்து பார்த்தால் தென்னையும் வயலும் ஆற்றின் வளைவும். கடல் கண்ணில் படவில்லை. ஆனால் முற்பகல் பத்து மணிக்குமேல் வீசத் தொடங்கிய காற்றில் ஈரம் இருந்தது. முகூர்த்த நாட்களில் இங்கே திருமணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். அந்த நாட்களில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். வெயில் ஏறிய பின் படிக்கல் சுடும், ஆகையால் ஒன்பது மணிக்குள் ஏறிவிடுவது உத்தமம்.

இனி உணவு. முதல் நாள் இரவு, சித்தி சனிக்கிழமை என்பதால் இட்லியோடு நிறுத்திக்கொள்ள, சித்தப்பாவும் நானும் குளிர்சாதன வசதியுள்ள ஓர் உணவகத்தில் வஞ்சிர வறுவல் கேட்டோம். விலைப்பட்டியலில் அதற்கு நேரே விலை இல்லை. கேட்டபோது "சைஸைப் பொறுத்து சார்" என்றார் பரிமாறியவர். எடையும் சொல்லவில்லை, மீனையும் காட்டவில்லை. வந்த இரண்டு துண்டுகளும் சிவப்பு நிறமேற்றிய மசாலாவுக்குள் பஞ்சு போல உலர்ந்திருந்தன. பல நாள் ஐஸில் கிடந்த மீன் என்பது முதல் விள்ளலிலேயே தெரிந்தது. ரசீதில் அந்த இரண்டு துண்டுகளுக்கு மட்டும் போட்டிருந்த தொகைக்கு நாங்கள் நால்வரும் மறுநாள் வயிறாரச் சாப்பிட்டோம். படகுகள் மீனை அள்ளிக்கொண்டு வரும் வாரத்தில், துறைமுகத்திலிருந்து கூப்பிடு தொலைவில், இப்படிப் பரிமாறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விலை சொல்லாத இடத்தில் மீன் கேட்காதீர்கள்.

ஞாயிறு மதியம் ஆட்டோ ஓட்டுநர் தாம் சாப்பிடும் மெஸ்ஸுக்கே அழைத்துச் சென்றார். பழைய நகரத்தில், ஒரு வீட்டின் முன்கட்டில் நான்கு மேசை, பெயர்ப்பலகைகூட இல்லை. இலை போட்டதும் சோறு, கீரைப் பொரியல், மீன் குழம்பு. சுறாப்புட்டு பூண்டும் சோம்பும் தூக்கலாக, ஈரம் வற்றிப் பொலபொலவென்று இருந்தது. காலையில் பார்த்த அதே காரப்பொடி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் மட்டும் தடவி, முள்ளோடு மென்று தின்னும் அளவுக்கு மொறுமொறுப்பாக வறுபட்டு வந்தது. "கருவாட்டுக் கொழம்பு ஊத்தவா தம்பி? வாளைக் கருவாடு, பலாக்கொட்ட போட்டது" என்று பரிமாறிய அம்மா கேட்டார்.

அந்தக் குழம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மண்சட்டியில், முதல் நாள் இரவே வைத்தது; புளி அடங்கி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கிறது. கத்தரிக்காயும் மாங்காய்த் துண்டும் குழைந்து கரைந்துபோக, பலாக்கொட்டை மட்டும் முழுதாக, கருவாட்டின் உப்பை உள்ளே வாங்கிக்கொண்டு, கடித்தால் மாவாக உடைகிறது. அந்த மாவுத் தன்மைதான் கருவாட்டின் கடுமையைத் தணிக்கிறது. கருவாட்டின் உப்புதான் சப்பென்ற கொட்டைக்குச் சுவை ஏற்றுகிறது. காலையில் நின்ற துறைமுகமும், பிறகு ஏறிய செம்மண் மேடும் ஒரே சட்டிக்குள் கிடந்தன. மேட்டூர் அணை மீனைத் தவிர வேறெதையும் விரும்பாத சித்தி, இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பலாக்கொட்டையின் மேல்தோலை எந்தப் பதத்தில் உரிக்க வேண்டும், கருவாட்டை வெந்நீரில் எத்தனை முறை அலச வேண்டும் என்று அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். மூன்று முறை, கடைசி முறை கல்லுப்பு போட்டு, என்றார் அந்த அம்மா. குறையென்றால் ஒன்றுதான்: கை கழுவும் இடம் பின்கட்டில் இருக்கிறது, வழி குறுகல், முதியவர்களைக் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். இரண்டரை மணிக்குள் குழம்பு தீர்ந்துவிடும்.

பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டையும் இதே பயணத்தில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். அது சிதம்பரத்தைத் தாண்டியது. தனியாக ஒரு நாள் வேண்டும், அல்லது இங்கே இரண்டாவது இரவு தங்க வேண்டும். ஒன்றரை நாளுக்குள் அதையும் திணித்தால் துறைமுகத்தையோ குன்றையோ ஓட்டமாகப் பார்க்க நேரிடும்.

மாலை நான்கு மணிப் பேருந்தில் திரும்பினோம். பலாப்பழத்தைக் காலடியில் வைக்க நடத்துநர் அனுமதித்தார்; கருவாட்டுப் பொட்டலத்தை இரண்டு செய்தித்தாளில் சுற்றியும் மணம் அடங்கவில்லை, ஆகவே மூடியுள்ள தூக்குவாளி ஒன்று கையோடு கொண்டுபோவது நல்லது. சித்தி சேலம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். கடலூர்ப் பழத்தின் கொட்டையைப் போட்டே குழம்பு வைத்தாராம், மூன்று முறை அலசினாராம். "மாங்காதான் கெடைக்கல. அடுத்த தடவ அந்தம்மா எந்த மாங்கா போடுறாங்கன்னு கேட்டுட்டு வா" என்றார்.